படி இறங்கத் தெரியாத முட்டி

செயற்கை முட்டி வடிவமைக்கிறேன் என்று சொன்னால் போதும், "ஓ, கதவுக் கீல் மாதிரியா?" என்று கேட்டுவிடுவார்கள். கேட்பவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கீலுக்கு ஒரே அச்சு, ஒரே வேலை. முட்டி அப்படிப்பட்ட அப்பாவி இல்லை. கால் மடங்கும்போது தொடை எலும்பின் உருண்டை முனை கீழ்க்கால் எலும்பின் மேல் உருளும். உருண்டுகொண்டே வழுக்கும். வழுக்கிக்கொண்டே கொஞ்சம் திரும்பவும் செய்யும். இத்தனையும் செய்துவிட்டு ஒன்றுமே தெரியாத மாதிரி இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களை ஒரு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு அறைக்கு அழைத்துப் போனார்கள். தன் உடலைப் படிப்புக்கென்று எழுதிவைத்துவிட்டுப் போன யாரோ ஒருவரின் கால் மேசையில் இருந்தது. பேராசிரியர் அந்தக் காலை மடக்கி, மெதுவாக நீட்டினார். முழுதாக நேராவதற்குக் கொஞ்சம் முன்னால், கீழ்க்கால் தானாக வெளிப்பக்கம் லேசாகத் திரும்பி அப்படியே நின்றுகொண்டது. யாரும் திருப்பவில்லை. எலும்பின் வடிவமும் தசைநார்களின் நீளமும் சேர்ந்து செய்த வேலை அது.

"பூட்டிக்கிச்சு பாத்தீங்களா? இதனாலதான் வரிசையில மணிக்கணக்கா நிக்க முடியுது நம்மால" என்றார் அவர்.

"அப்ப சாவி எங்க சார்?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. முட்டிக்குப் பின்னால் சின்னதாக, சாய்வாக ஓடிய ஒரு தசையைக் காட்டினார். நாம் நடக்க நினைத்ததும் அது லேசாக இழுத்துப் பூட்டைத் திறந்துவிடுமாம். வெளியே வந்து நடைக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து என் காலை நீட்டி மடக்கி, நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வருடமாக இப்படி ஒரு பொருளைச் சுமந்துகொண்டு பேருந்துக்கு ஓடியிருக்கிறேன், ஒருநாள்கூட அதைக் கவனித்ததில்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

நாங்கள் செய்வது அதற்குப் பதிலாக வைக்கும் எளிய பொருள்தான். தொடை எலும்பின் முனைக்கு ஒரு உலோகத் தொப்பி. கீழ்க்கால் எலும்பின் மேல் ஒரு உலோகத் தட்டு. நடுவே, தேய்ந்துபோன குருத்தெலும்பு இருந்த இடத்தில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் துண்டு. எல்லாம் சேர்ந்து உள்ளங்கையில் அடங்கிவிடும். பதினெட்டு வருடமாக நான் அந்த உள்ளங்கைக்குள்தான் குடியிருக்கிறேன்.

என் அண்ணன் டைல்ஸ் ஒட்டுகிறவன். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவன். என்றாலும் அவனை 'நீ' என்றுதான் கூப்பிடுவேன். அண்ணியை 'நீங்க' என்பேன், அதற்குக் காரணம் பயம். முப்பத்தைந்து வருடம் மண்டியிட்டே வேலை பார்த்ததில் அண்ணனின் இடது முட்டி போய்விட்டது. எலும்பும் எலும்பும் உரசும் நிலை. மண்டியிட முடியாததைக்கூட அவன் சமாளித்துவிட்டான். சக்கரம் வைத்த ஒரு குட்டிப் பலகை செய்து, அதில் உட்கார்ந்து தரை முழுக்க உருண்டுகொண்டே ஒட்டுவான். சமாளிக்க முடியாதது படிதான்.

டைல்ஸ் வேலை நடக்கும் கட்டடத்தில் லிஃப்ட் ஓடாது. படிக்குக் கைப்பிடியும் இருக்காது. கைப்பிடி வைக்கிறவர் டைல்ஸ் ஒட்டுகிறவருக்குப் பிறகுதான் வருவார். ஏறுவதை எப்படியோ ஏறிவிடலாம். இறங்கும்போதுதான், உடம்பின் மொத்த எடையும் மடங்கிக்கொண்டிருக்கும் ஒரு முட்டியில் வந்து உட்காரும். ஐம்பத்தாறு வயதில், நான்கு மாடி கைப்பிடியில்லாமல் இறங்க முடியாதவனை எந்த மேஸ்திரி வேலைக்குக் கூப்பிடுவார்? வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் அண்ணனை அண்ணியாலேயே நினைத்துப் பார்க்க முடியவில்லை.

டாக்டர் இப்போது புழக்கத்தில் இருக்கும் முட்டி ஒன்றைக் காட்டினார். நல்ல முட்டி. வலி போய்விடும். "ஆனா படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிச்சுக்கணும்" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தான். அந்த ஒரு குறையைத் தீர்க்கத்தான் நான் நான்கு வருடமாகப் புது முட்டி ஒன்றை வரைந்துகொண்டிருந்தேன். முதலில் முப்பது பேருக்கு வைத்துப் பார்ப்பதாக ஏற்பாடு. முப்பது பேரையும் எங்களோடு சம்பந்தமில்லாத டாக்டர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். நான் தங்கை என்பதை மறைக்காமல் எழுதிக்கொடுத்தோம். அதன் பிறகும் அண்ணன் பெயர் பட்டியலில் வந்தது. அன்றைக்கு அண்ணி எனக்கு இரண்டாவது தம்ளர் காபியும் கொடுத்தார். அந்த வீட்டில் அது சாதாரண மரியாதை இல்லை.

எங்கள் தொழிலில் 'ஃப்ரீஸ்' என்று ஒரு நாள் உண்டு. அன்றைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் வடிவத்தில் ஒரு மயிரிழையைக்கூட மாற்ற முடியாது. அச்சு வார்ப்பார்கள், நோயாளிகளுக்குத் தேதி கொடுப்பார்கள். அந்த வெள்ளிக்கிழமை எனக்கு ஃப்ரீஸ். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மதியம், பெருமையடித்துக்கொள்ளலாம் என்று மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். சும்மா இருந்திருக்கலாம்.

அண்ணன் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். வெள்ளைத் துண்டை இடது கையில் வைத்து, உலோகத் தொப்பியை அதன் மேல் உட்காரவைத்து அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டான். டைல்ஸ் ஒட்டி முடித்ததும் அவன் செய்வது இதுதான். இரண்டு டைல்ஸ் சேரும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு புறங்கையை ஓட்டிப் பார்ப்பான். கண் ஏமாந்துவிடுமாம், புறங்கை ஏமாறாதாம். நீட்டினான், மடக்கினான். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. எனக்கு உச்சி குளிர்ந்தது. பிறகு சிரிப்பு நின்றது. ஒரே இடத்தில் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தான்.

"பாப்பா, இங்க ஒண்ணு இருக்கே."

நாற்பத்து நான்கு வயதில் என்னைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் ஒருவன்தான் மிச்சம்.

"என்ன இருக்கு?"

"இவ்வளவு நேரம் கெட்டியா பிடிச்சிட்டு வந்துச்சு. இங்க வந்ததும் கையை விட்டுடுது."

"ஒண்ணும் விடல. நீ ஒழுங்கா அழுத்திப் பிடி."

"அழுத்தித்தான் பிடிச்சிருக்கேன். படி இறங்கறப்ப என் முட்டி எந்த இடத்துல பயமுறுத்துமோ, அதே இடம். எனக்குத் தெரியாதா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அண்ணா, இது டைல்ஸ் இல்ல. கம்ப்யூட்டர் பாத்திருக்கு, மெஷின் ஐம்பது லட்சம் தடவை நடந்து பாத்திருக்கு. நீ ஞாயித்துக்கிழமை சாப்பிட்டுட்டு உக்காந்து ரெண்டு தடவை ஆட்டிட்டு என்கிட்ட குறை சொல்றியா?" என்றேன்.

"சரிம்மா, சரி. மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பொருளை என் கையில் கொடுத்துவிட்டான். கோபமே படவில்லை. அதுதான் என்னை இன்னும் எரிச்சலாக்கியது.

மறுநாள் காலையில் அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் பார்க்காமல், நானும் கண்ணை மூடிக்கொண்டு ஆட்டிப் பார்த்தேன். பத்துத் தடவை ஒன்றும் தெரியவில்லை. பதினோராவது தடவை தெரிந்தது. தெரிந்த பிறகு அதைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. அரைகுறையாக மடங்கிய அந்த ஒரே இடத்தில் பிடி தளர்ந்தது. கை குலுக்கிக்கொண்டிருக்கும்போது எதிராளி மனசு மாறின மாதிரி ஒரு தளர்வு.

வரைபடத்தைத் திறந்தேன். தொப்பியின் வளைவை நான் இரண்டு வட்டங்களிலிருந்து எடுத்திருந்தேன். நிற்கும்போது பிளாஸ்டிக்கில் படும் பகுதிக்குப் பெரிய வட்டம், மடங்கும்போது படும் பகுதிக்குச் சின்ன வட்டம். இரண்டும் சேரும் இடத்தில் மேடு பள்ளமோ முனையோ எதுவும் இல்லை. இணைப்பு சரி என்று கம்ப்யூட்டர் பச்சைக் குறி போட்டிருந்தது. அந்தப் பச்சையை நம்புவது எங்கள் கூட்டத்துக்கே உரிய மடத்தனம். கோடு தொடர்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும். வளைகிற வேகம் திடீரென்று மாறுகிறதா என்று நாம் தனியாகக் கேட்டால்தான் சொல்லும். கேட்டேன். வளைவு நெடுக சீப்பின் பற்கள் மாதிரி கோடுகள் எழுந்தன, எங்கே அதிகமாக வளைகிறதோ அங்கே உயரமாக. பெரிய வட்டத்தில் எல்லாம் குட்டையாக, ஒரே உயரம். சின்ன வட்டத்தில் எல்லாம் நெட்டையாக, ஒரே உயரம். நடுவில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே செங்குத்தாக ஒரு தாவல்.

ஐம்பது லட்சம் தடவை நடந்த மெஷினுக்கு இது ஏன் தெரியவில்லை என்று யோசித்தபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அது நடக்க மட்டும் கற்றுக்கொண்ட மெஷின். நடையில் முட்டி இந்த அளவு மடங்கும்போது கால் காற்றில் இருக்கும், எடை அடுத்த காலில் இருக்கும். எடையைத் தாங்கிக்கொண்டே மடங்கி இந்த இடத்தைக் கடப்பது படி இறங்கும்போதுதான். ஐம்பது லட்சம் அடி எடுத்துவைத்த என் முட்டி ஒரு படிகூட இறங்கியதில்லை. படி இறங்குவதற்கென்றே செய்த முட்டி!

அன்றைக்கு முழுவதும் நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன், நான் ஒன்றும் உத்தமி இல்லை. சோதனைப் பட்டியலில் எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அடுத்த மாதம் அண்ணனுக்கு ஆபரேஷன். பேசினால் எப்போது என்று கடவுளுக்கே தெரியாது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டால் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லும்போதே அண்ணன் வேலை செய்யும் மொட்டைப் படிகள் கண் முன்னால் வந்து நின்றன.

செவ்வாய்க்கிழமை எங்கள் துறைத் தலைவரிடம் போனேன். அவருக்கு மைக்ரான் என்று பெயர் வைத்திருந்தோம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக வெட்டி அதில் ஒரு துண்டு குறைந்தாலும் விடமாட்டார். பிள்ளைகளின் உயரத்தைக்கூட அப்படித்தான் சொல்வார் என்று எங்களுக்குள் கேலி. சீப்புப் படத்தைக் காட்டினேன். எழுந்து பட்டறைக்கு நடந்தார். எலும்பு மாதிரிகளில் முட்டியைப் பொருத்தி, மேலே எடையை ஏற்றி, படி இறங்கும் கால் மடங்குவது போல மெதுவாக மடக்கினோம். வந்தது, வந்தது, அந்த இடம் வந்ததும் உலோகத் தொப்பி பிளாஸ்டிக்கின் மேல் முன்பக்கமாகச் சறுக்கியது. ஐந்து மில்லிமீட்டர். மைக்ரானுக்கு அது ஐந்து மைல்.

"யாரு கண்டுபிடிச்சது?" என்று கேட்டார்.

"டைல்ஸ் ஒட்டறவர் சார். கண்ணை மூடிக்கிட்டு."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார். "நம்மகிட்ட இருக்கிற அளவெடுக்கிற மெஷின் ஒரு அறை முழுக்க அடைச்சிட்டு நிக்குது. அவரு கையில என்னம்மா இருக்கு?" என்றார். அந்தக் குரலில் கிண்டல் துளிக்கூட இல்லை. வெள்ளிக்கிழமை கையெழுத்து நடக்கவில்லை. முதலிலிருந்து வரைந்து, சோதித்து, அனுமதி வாங்கப் பதினான்கு மாதம் என்று கணக்கு வந்தது.

அண்ணனிடம் நேரில்தான் சொல்ல வேண்டும் என்று அவன் வேலை செய்யும் கட்டடத்துக்குப் போனேன். சாப்பாட்டு நேரம். எல்லோரும் இறங்கி வந்து நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள், அவனை மட்டும் காணோம். மேலே ஏறலாம் என்று படிக்கட்டுப் பக்கம் போய் அண்ணாந்து பார்த்தேன். அண்ணன் இறங்கிக்கொண்டிருந்தான், பின்பக்கமாக. படியைப் பார்த்துத் திரும்பி நின்று, மேல் படியில் இரண்டு கையையும் ஊன்றி, ஒவ்வொரு காலாகக் கீழே துழாவித் துழாவி, கட்டிலிலிருந்து இறங்கும் குழந்தை மாதிரி. மற்றவர்கள் பார்க்கக் கூடாதென்று எல்லோரும் போகும்வரை மேலேயே இருந்திருக்கிறான். இத்தனை நாள் எனக்கு இது தெரியாது. திரும்பி ஓடிவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் என்னைப் பார்த்துவிட்டான்.

"என்ன பாக்கற? ரிவர்ஸ் கியர்ல வரேன்" என்றான். முகம் மட்டும் சிவந்துபோயிருந்தது.

கீழ்ப்படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். எல்லாவற்றையும் சொன்னேன். சீப்பு, ஐந்து மில்லிமீட்டர், பதினான்கு மாதம். கேட்டுக்கொண்டே கை விரல்களில் ஒட்டியிருந்த சிமெண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம் நான்" என்றான் கடைசியில்.

"அண்ணா, டாக்டர் காட்டின அந்த முட்டியே இப்ப வச்சுக்கோ. வலியாவது போகும்."

"அதை வச்சுக்கிட்டா இந்த வேலையை விடணும்."

"இல்லன்னா நான் பேசாம இருந்திருக்கணும். அடுத்த மாசம் உனக்கு முடிஞ்சிருக்கும்." சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"லூசு மாதிரி பேசாத. முப்பது பேருன்னு சொன்னல்ல? மீதி இருபத்தொம்பது பேரு வீட்டுலயும் படி இருக்கும்ல?" என்றவன், மறுபடியும் விரலைச் சுரண்டிக்கொண்டே, "உங்க அண்ணிகிட்ட மட்டும் நீயே சொல்லிடு. எனக்கு அந்தத் தைரியம் இல்ல" என்றான்.

அண்ணியிடம் சொன்னேன். "வேற யாருக்கோ செஞ்ச முட்டியைப் பாத்து இவரு ஆயிரம் குறை சொல்லட்டும். தனக்குன்னு வர்றதைத் தானே தட்டி விடுவாரா ஒரு மனுஷன்? நீயும் அதைக் கேட்டுக்கிட்டு ஓடியிருக்க. நீங்க ரெண்டு பேரும் அதைச் சரி பண்றதுக்குள்ள இவரு தவழ்ந்துதான் போகணும்" என்றார். அதன் பிறகு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஏழு மாதம். நான் போனால் காபி வரும், பேச்சு வராது.

புது வளைவுக்கு நான் நிஜ எலும்புகளிடம் திரும்பிப் போனேன். நூற்றுக்கணக்கான மனிதர்களின் முட்டி ஸ்கேன்கள் எங்களிடம் இருந்தன. பெயர் இல்லை, வயதும் எடையும் மட்டும். அந்த எலும்புகளின் வளைவுகளில் சீப்பை வைத்துப் பார்த்தேன். முதல் படம் வந்ததும் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டேன். தாவலே இல்லை. குட்டைப் பல்லிலிருந்து நெட்டைப் பல்லுக்கு ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், ஏறிக்கொண்டே போனது. அடுத்தவரின் எலும்பும் அப்படித்தான், அதற்கடுத்தவருடையதும் அப்படித்தான். கிழவர், இளம்பெண், குண்டானவர், ஒல்லியானவர், யாருடைய எலும்பிலும் ஓர் இடத்தைக் காட்டி இங்கே ஒரு வட்டம் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. அம்மாவின் வயிற்றுக்குள், இருட்டில், காலை உதைத்து உதைத்து யாரோ இதை வரைந்திருக்கிறார்கள். நான் நான்கு வருடம் கஷ்டப்பட்டுச் சேர்த்த இரண்டு வட்டத்தை நினைத்தபோது வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட சந்தோஷம் அதிகமாக இருந்தது. இப்படி ஒரு பொருள் இருக்கிறதே, அதன் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்ய எனக்குக் கொடுத்துவைத்திருக்கிறதே என்று.

ஒட்டில்லாத அந்த ஒரே வளைவை உலோகத்துக்குக் கொண்டுவருவது லேசாக நடக்கவில்லை. பின்பக்கம் சரியானால் முன்பக்கம் இறுகும், இரண்டும் சரியானால் முன்னால் இருக்கும் முட்டிச்சில்லு இடம் மாறும். மாதிரிகளை அண்ணனிடம் எடுத்துக்கொண்டு போவேன். கண்ணை மூடிக்கொள்வான். முதலாவதற்கு உதட்டைப் பிதுக்கினான். இரண்டாவதற்கும் அப்படியே. மூன்றாவதற்கு "இங்க கடிக்குது" என்றான். இரண்டு வாரம் தலையை உடைத்துக்கொண்டு தேடினேன். கடைசியில் அது வளைவிலிருந்த குறை இல்லை, பட்டறையில் சரியாகத் தேய்க்காமல் விட்ட ஒரு பிசிறு. "உன் புறங்கையும் ஏமாறும்னு இன்னைக்குத் தெரிஞ்சு போச்சு" என்று குத்திக்காட்டினேன். "பிசிறுன்னாலும் கண்டுபிடிச்சது யாரு?" என்றான். திமிர் குறையவில்லை.

அந்த மாதங்களில் அண்ணன் தரைத்தள வேலைகளை மட்டும் எடுத்துக்கொண்டான். அப்படிப்பட்ட வேலை எத்தனை வரும்? எட்டாவது மாதம், மேஸ்திரிக்கு இல்லையென்று சொல்ல முடியாமல் மூன்றாவது மாடி ஒன்றுக்குப் போய், இறங்கும்போது விழுந்துவிட்டான். ஆறு படி. மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டார்கள். மேஸ்திரி அன்றைக்கே வேறு ஆளைப் போட்டுவிட்டார். செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அண்ணி என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எப்பம்மா முடியும்?" என்று மட்டும் கேட்டார். ஏழு மாதத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

ஐந்தாவது மாதிரியை அண்ணன் வலது கையில் கட்டோடு ஆட்டிப் பார்த்தான். நீட்டினான், மடக்கினான், மறுபடியும் நீட்டினான். எனக்குப் பொறுமை போய்விட்டது. "என்னன்னு சொல்லித் தொலையேன்" என்றேன். "இரு, இன்னும் கொஞ்ச நேரம் ஆட்டிக்கிறேன்" என்றான், கண்ணைத் திறக்காமலே. பட்டறையில் அதே மாதிரியை எடை ஏற்றி மடக்கியபோது மைக்ரான் குனிந்து பார்த்துக்கொண்டேயிருந்தார். தொப்பி சறுக்கவில்லை. உருண்டது, வழுக்கியது, கொஞ்சம் திரும்பியது. அவ்வளவு பெரிய மனிதர் கை தட்டினார். புதிதாகப் படி இறங்கவும் சொல்லிக்கொடுத்திருந்த மெஷினில், பல மாதம் அது ஏறி இறங்கி ஏறி இறங்கித் தேர்ச்சி பெற்றது. சொன்ன பதினான்கு மாதம் பதினாறானது.

ஆபரேஷன் அன்று நான் உள்ளே நின்று பார்க்க டாக்டர் அனுமதி கொடுத்தார். வேறு பலருக்கு நடக்கும்போது நின்று பார்த்திருக்கிறேன். ரம்பமும் சுத்தியலுமாகத் தச்சுப்பட்டறை மாதிரிதான் இருக்கும், எனக்குப் பயமில்லை. அன்றைக்கு மட்டும் கதவுவரை போய்த் திரும்பிவிட்டேன். வெளியே அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வலிக்கிற அளவுக்குப் பிடித்திருந்தார், நானும் விடவில்லை.

மறுநாளே அண்ணனை எழுப்பி நிற்கவைத்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அதன் பிறகு நடந்ததெல்லாம் எல்லா நோயாளிக்கும் நடப்பதுதான். வீக்கம், மருந்து, பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண்ணோடு தினமும் சண்டை. வாரம் தவறாமல் நான் போன் செய்து முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்பேன். இங்கே இழுக்கிறது, அங்கே சூடாக இருக்கிறது என்று ஒரு பாட்டம் பாடுவான். வீட்டுப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கினான். கைப்பிடியில்லாத படியில் எப்படி இருக்கும் என்று மட்டும் எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. பிறகு எனக்கு வேலை குவிந்து, மூன்று மாதம் போன்கூடச் செய்யவில்லை.

ஒருநாள் காலையில் அண்ணி கூப்பிட்டார். "உங்க அண்ணன் பழைய மேஸ்திரிகிட்டயே வேலைக்குப் போயிட்டாரு. நாலாவது மாடியாம். என்கிட்ட சொல்லாமப் போயிருக்காரு. நீ போய்ப் பாரு, எனக்குப் பார்க்கிற தெம்பு இல்ல" என்றார்.

போனேன். புதுக் கட்டடம், மொட்டைப் படிக்கட்டு, ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெறும் பள்ளம். கைப்பிடி வைக்க ஓட்டைகூடப் போடவில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். நான்காவது மாடியிலிருந்து அண்ணனின் சத்தம் முதலில் வந்தது. டைல்ஸ் கடைக்காரரோடு போனில் சண்டை. ஒரே அறைக்கு இரண்டு விதமான வெள்ளையை அனுப்பிவிட்டார்களாம். பிறகு அவன் வந்தான். வலது காதில் போன், இடது கையில் பாதி நிரம்பிய வாளி. முகம் முன்னால் பார்த்து, ஒரு கால், அடுத்த கால், ஒரு கால், அடுத்த கால் என்று இறங்கினான். படியைக் குனிந்து பார்க்கக்கூட இல்லை. ஒன்றுவிட்டு ஒரு படியில் அவனுடைய மொத்த எடையும் மடங்கிய இடது முட்டியில் வந்து உட்கார்ந்து, அந்த இடத்தைக் கடந்து, அடுத்த காலுக்குப் போனது. நான்கு மாடியும் நான் மூச்சு விட்டதாக நினைவில்லை.

கீழே வந்து என்னைப் பார்த்தான். வாளியை வைத்துவிட்டு, "ஒரு நிமிஷம் இருங்க" என்று போனைக் கையால் பொத்திக்கொண்டான்.

"என்ன பாப்பா, இந்த நேரத்துல?"

"முட்டி எப்படி இருக்கு?" என்றேன்.

"எந்த முட்டி?" என்றான்.

கேலி செய்கிறான் என்றுதான் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை.